கண்ணாடியில் முளைத்த வால்

எங்க வீட்டுல எது கெட்டாலும் காரணம் நான்தான். பால் திரிஞ்சா நான், குழாய் சொட்டினா நான். அதையெல்லாம் காதுல போட்டுக்காம காலத்தை ஓட்டிட்டேன். ஆனா டெலஸ்கோப் கண்ணாடிக்கு வால் முளைச்சதுக்கும் நான்தான் காரணம்னு என் வீட்டுக்காரர் சொன்னார் பாருங்க, அன்னிக்குத்தான் எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு.

அந்தக் கண்ணாடியைப் பத்தி முதல்ல சொல்லிடறேன். இவருக்கு பாட்டில் கம்பெனியில ராத்திரி ஷிப்ட். ராத்திரியெல்லாம் உலைப் பக்கத்துல வெந்துட்டு வர்ற மனுஷன் பகல்ல படுத்துத் தூங்குவார்னுதானே நினைப்பீங்க? அதுதான் இல்ல. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ரெண்டு கனத்த கண்ணாடி வட்டை வாங்கிட்டு வந்து, ஒண்ணு மேல ஒண்ணை வச்சு, நடுவுல பொடியும் தண்ணியும் போட்டு ஒரு வருஷமாத் தேய்ச்சார். முதல்ல மணல் மாதிரிப் பொடி, அப்புறம் மாவு மாதிரிப் பொடி, கடைசியா பாலீஷ். மேல இருக்கற வட்டு நடுவுல லேசாக் குழிஞ்சு வரணுமாம். அந்தக் குழிவு அணு பிசகினாலும் நிலாவைப் பார்த்தா சோப்புத் தண்ணியில விழுந்த நிலா மாதிரிதான் தெரியுமாம். எதுக்குங்க இந்த வேலை, கடையில போய் வாங்கினா ஆகாதான்னு ஒரே ஒரு தடவை கேட்டேன். நீ ஏன் ரெடிமேட் சட்டை போடாம நீயே தைச்சுக்கறேன்னார். வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டேன்.

கண்ணாடி சரியா வந்திருக்கான்னு பார்க்க ஒரு சோதனை. எங்க வீட்டு நடை ரயில் பெட்டி மாதிரி நீளம். ஒரு கோடியில ஸ்டோர் ரூம் கதவு. அதை ஒட்டி ஒரு ஸ்டூல் போட்டு, அதுல கண்ணாடியை நிமிர்த்தி வைப்பார். இந்தக் கோடியில, நான் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைச்சுக் கொடுக்கற மிஷினுக்குப் பக்கத்துல, ஒரு குட்டி லைட்டு, ஒரு ஷேவிங் பிளேடு, அதுக்குப் பின்னால போன். லைட்டோட வெளிச்சம் கண்ணாடி வரைக்கும் போய்த் திரும்பி வர்றப்ப, பிளேடு அதைப் பாதி வெட்டும். அப்ப போன்ல கண்ணாடி முழு நிலாவாட்டம் தெரியும். தலைமுடியில நூத்துல ஒரு பங்கு மேடு பள்ளம் இருந்தாலும் நிழலாக் காட்டிக் கொடுத்துடும். வம்பு என்னன்னா, கண்ணாடியை மட்டும் காட்டாது. முன்னால இருக்கற காத்தையும் காட்டும். குறுக்கே கையை நீட்டினா, விரல்லேருந்து சூடு புகை மாதிரி மேல போறது தெரியும். முதல் தடவை என் கையை அப்படிப் பார்த்துட்டு எனக்கு ஜுரம்னே நினைச்சுட்டேன்.

அதனால சோதனை நேரத்துல யாரும் நடக்கக் கூடாது, ஃபேன் கூடாது, அடுப்பு கூடாது, ஜன்னலுக்கெல்லாம் போர்வை. மத்தவங்க வேலைக்குப் போன பிறகு வார நாள்ல பகல்ல வச்சுக்குவார். மத்தவங்கன்னா ரெண்டே பேர். என் கொழுந்தன், டயர் கம்பெனி ஆபீஸ்ல கணக்கு எழுதறவன். அவன் பொண்டாட்டி சின்னவ, மருந்துக்கடையில வேலை. அவங்க போயிட்டா வீட்டுல மிஞ்சறது நான் ஒருத்தி. பழியைப் போட வேற ஆள் வேணுமா?

முதல்ல நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு. கண்ணாடி வழவழன்னு வந்துச்சு. இவரோட சிநேகிதர் ஒரு பல் டாக்டர். அவரும் இதே பைத்தியம்தான், ஆனா அவர் வீட்டு மொட்டை மாடியில மூணு டெலஸ்கோப் நிக்குது. அவர் சரின்னு சொல்லிட்டா கண்ணாடி மேல அலுமினியப் பூச்சு பூச அனுப்பலாம். ஒரு வருஷ உழைப்பு, கடைசி ஒரு போட்டோவுல வந்து நின்னுச்சு. அந்தக் கடைசிப் போட்டோவுலதான் வால் வந்துச்சு.

இடப்பக்கம், கீழ் விளிம்புலேருந்து மேல் விளிம்பு வரைக்கும் ஒரே அகலத்துல, பூனை வாலைத் தூக்கிட்டு நிக்கற மாதிரி ஒரு கறை. ரொம்ப லேசு, சும்மாப் பார்த்தாத் தெரியாது, போட்டோவுலதான் விழும். இருட்டுல எடுக்கறதால ஒரு போட்டோ விழவே நேரமாகும். அதுக்குள்ள அசையறதெல்லாம் ஒண்ணாக் கலந்து ஒரே கறையாத்தான் விழும். காத்தா, கண்ணாடியில பள்ளமான்னு பார்த்தாத் தெரியாது.

"இஸ்திரிப் பெட்டி போட்டியா?"ன்னு இவர் கேட்டார்.

"காலையில போட்டேன்."

"அதான்!"

அதான் இல்ல. மறுநாள் இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்து வீட்டுக்கே கொடுத்து அனுப்பிட்டேன். வால் அங்கேயேதான் இருந்துச்சு. ஃபிரிட்ஜை அணைச்சோம், வால் இருந்துச்சு. லைட்டை மாத்தினார், பிளேடை மாத்தினார், போன் லென்ஸை என் ஃபிளானல் துணியால துடைச்சார், கண்ணாடியைத் தாங்கற பட்டையைத் தளர்த்திக் கட்டினார். வால் இருந்துச்சு. நடுவுல ஒரு நாள் வாலோட சேர்ந்து அலை அலையாக் கோடு வேற.

"மிஷினை நிறுத்து! தரை அதிருது!"

"நான் மிஷின்ல உட்காரவே இல்லையே!"

"அப்ப காலை ஆட்டியிருப்பே."

ரெண்டு கையையும் தூக்கி, ரெண்டு காலையும் நாற்காலி மேல மடக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். போலீஸ்ல மாட்டினவ மாதிரி. அப்பவும் அலை. இவர் என்னை மேலேயும் கீழேயும் பார்த்துட்டு, "நீ மூச்சு விடறது கொஞ்சம் வேகம்"னார். ஐயோ, அன்னிக்கு இவர் தப்பிச்சது கத்தரிக்கோல் கைக்கு எட்டாததாலதான். இதுக்கு உண்மையான காரணத்தைக் கண்டுபிடிச்சு இவர் மூஞ்சியில அடிச்ச மாதிரி காட்டறேன் பாருன்னு மனசுக்குள்ள சபதம் போட்டேன்.

இதுக்கு நடுவுல எலித் தொல்லை வேற. ஸ்டோர் ரூம்லேருந்து அப்பப்ப சரக்கு சரக்குன்னு சத்தம். நடைப் பக்கத்துக் கதவைத் திறக்க முடியாது, ஸ்டூலை ஒரு விரல் நகர்த்தினாலும் எல்லாத்தையும் மறுபடி நேர் பண்ண அரை நாள் ஆகும்னு இவர் குதிப்பார். அதனால ஞாயித்துக்கிழமை பின்பக்கக் கதவு வழியாப் போய் ஒரு எலிப்பொறி வச்சுட்டு வந்தேன். எலி சிக்கல. அந்த வாரமே கொழுந்தன் நொண்டிக்கிட்டு வந்தான், ஆபீஸ் படியில தடுக்கிடுச்சு அண்ணின்னான். பாவமேன்னு வெந்நீர் வச்சுக் கொடுத்தேன். புத்திசாலின்னு எனக்கு ஒரு நினைப்பு இருந்துச்சு, இப்ப இல்ல.

கொழுந்தனைப் பத்திச் சொல்லணும்னா, அவன் சாயங்காலம் வந்து ஆபீஸ் கதை சொல்றதுதான் எங்க வீட்டுக்கு சினிமா. ரெண்டு மாசமா அவன் சொல்ற கதையெல்லாம் அப்படி ஒரு ருசி. மேனேஜர் தலையில வச்சிருந்த விக்கு ஃபேன் காத்துல பறந்து பிரிண்டர் மேல உட்கார்ந்துச்சாம், பேப்பர் எடுக்க வந்த பொண்ணு எலின்னு நினைச்சு ஃபைலால போட்டு அடிச்சுதாம். நான் சிரிச்சுச் சிரிச்சு ஊசியில நூல் கோக்க முடியாமத் தவிச்சேன். நாள் முழுக்கத் திட்டு வாங்கின எனக்கு அந்த அரை மணி நேரம்தான் மருந்து.

கடைசியா இவர் பல் டாக்டருக்கு போன் போட்டார், ஸ்பீக்கர்ல. அந்தப் பக்கம் யாரோ ஒருத்தர் வாயில பல் மிஷின் கொர்ர்ன்னு ஓடுது.

"போட்டோ பார்த்தேன். நல்லாத் திறங்க... உங்களைச் சொல்லல, இவரைச் சொல்றேன். கண்ணாடியைத் தலைகீழாத் திருப்பி வச்சு இன்னொரு போட்டோ எடுங்க. கறை கண்ணாடியோட சேர்ந்து வலப்பக்கம் போனா, தப்பு கண்ணாடியிலதான். அப்படியே இடப்பக்கம் நின்னா, கண்ணாடி சுத்தம். வீட்டுக்குள்ள எங்கேயோ சூடு இருக்கு. அப்ப வீட்டையே சல்லடை போட்டுத் தேடுங்க, அந்த ஸ்டோர் ரூம் உள்பட. துப்புங்க... உங்களை இல்ல."

எனக்குப் பரம சந்தோஷம். இத்தனை நாளா எனக்குத் தோணலையே! இவர் கண்ணாடியைக் குழந்தையைத் தூக்கற மாதிரித் தூக்கித் தலைகீழா வச்சார். ஸ்டோர் ரூமுக்குள்ள எலி லேசா உருட்டுச்சு. போட்டோ எடுத்தார். நான் இவர் தோள் மேல தாடையை வச்சுப் பார்த்தேன்.

வால் வலப்பக்கம் இருந்துச்சு.

இவர் லென்ஸைத் துடைச்சார். இன்னொண்ணு எடுத்தார், அதுலயும் வலப்பக்கம். பல் டாக்டர் அதைப் பார்த்துட்டு, "மனசைத் தேத்திக்கங்க. மணல் பொடியிலேருந்து மறுபடி ஆரம்பிக்கணும்"னு செய்தி அனுப்பிட்டார். ஒரு வருஷம் போச்சு. இவர் என்னைத் திட்டக்கூட இல்ல. "உன்மேல தப்பு இல்ல, நான்தான் தேய்க்கறப்ப எங்கேயோ அழுத்திட்டேன்"னார். ஜெயிச்சது நான்தான், ஆனா ஜெயிச்ச மாதிரியே இல்ல. திட்டுங்களேன், இஸ்திரிப் பெட்டியைச் சொல்லுங்களேன்னு கத்தணும் போல இருந்துச்சு.

"நாளைக்குச் செய்யலாமேங்க"ன்னேன்.

"வேண்டாம். தள்ளிப் போட்டா கை வராது."

நடையிலேயே, ஸ்டூல் பக்கத்துல பலகையைப் போட்டு, பக்கெட்டுல தண்ணி வச்சு, மணல் பொடி டப்பாவைத் திறந்தார். அந்தப் பொடி ஒரு தடவை பட்டாப் போதும், ஒரு வருஷத்துப் பாலீஷும் உப்புத்தாள் தேய்ச்ச மாதிரி ஆயிடும். தண்ணியைத் தெளிச்சார். ஒரு பிடி பொடியைத் தூவினார். கண்ணாடியைத் தூக்கி, கவிழ்த்து, கீழ் வட்டு மேல இறக்கப் போனார்.

"அண்ணா, தேய்க்காத!"

சத்தம் ஸ்டூல் பக்கத்துலேருந்து வந்துச்சு. இவர் கையில இருக்கற கண்ணாடியையே உத்துப் பார்த்தார். அப்புறம் மெதுவா அதுகிட்டயே, "ஏன்?"னு கேட்டார்.

நான் சாட்சி. ஒரு வருஷம் கூடவே இருந்தா மனுஷன் கண்ணாடியோட பேசுவான்னு அன்னிக்குத் தெரிஞ்சுக்கிட்டேன்.

"அண்ணா, கண்ணாடி நல்லா இருக்கு! தப்பு என்னோடது. கதவைத் திற!"

கண்ணாடி இவர் கையிலேருந்து நழுவப் பார்த்துச்சு. நான் பாய்ஞ்சு போய் என் மடியில கிடந்த யூனிஃபார்ம் துணியோட கண்ணாடியை வாங்கிக்கிட்டேன். இவர் ஸ்டூலை ஒரே தள்ளாத் தள்ளினார், அரை நாள் வேலையெல்லாம் காத்துல போச்சு. தாழ்ப்பாளை எடுத்தோம்.

உள்ளே கவிழ்த்த பக்கெட் மேல என் கொழுந்தன். பனியன், கழுத்துல டை, கால்ல ஷூ. மடியில ஒரு பழைய லேப்டாப். அது பக்கவாட்டுல விடற காத்துல தலைமுடி காய வைக்கலாம். பக்கத்துல நான் காலையில கட்டிக் கொடுத்த சாப்பாட்டு டப்பா. மழையில நனைஞ்ச மாதிரி வேர்த்துக் கொட்டிட்டு இருந்தான்.

"நீ எப்படிடா இங்க? ஆபீஸ் போகல?"

"ஆபீஸே இல்லண்ணா. மூடிட்டாங்க."

விஷயம் இதுதான். ரெண்டு மாசத்துக்கு முன்னால கம்பெனியைப் பூட்டிட்டாங்க. சின்னவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, வேற வேலை கிடைச்ச பிறகு சொல்லிக்கலாம்னு, தினம் காலையில டை கட்டிக்கிட்டுக் கிளம்பி, தெருவைச் சுத்திப் பின்பக்கமா வந்து ஸ்டோர் ரூமுக்குள்ள உட்கார்ந்துட்டான். நாள் முழுக்க வேலைக்கு எழுதிப் போடறது. லேப்டாப் சூடு கதவு இடுக்கு வழியா வெளியே வந்து, ஸ்டூல் மேல இருந்த கண்ணாடிக்கு முன்னால ஏறினதுதான் வால். புழுக்கம் தாங்காம ஃபைல் அட்டையால விசிறிக்கிட்டதுதான் அலை. எலியும் இவன்தான். எலிப்பொறியில மாட்டினதும் இவன்தான், வாயைப் பொத்திக்கிட்டு மூச்சுக் காட்டாம இருந்திருக்கான்.

"சரி, திருப்பி வச்சப்ப வால் எப்படி வலப்பக்கம் போச்சு?"ன்னு இவர் கேட்டார்.

கொழுந்தன் தலையைக் குனிஞ்சான். "டாக்டர் சொன்னதெல்லாம் கேட்டுச்சுண்ணா. வால் நின்ன இடத்துலயே நின்னா ஸ்டோர் ரூமைத் தேடுவீங்களே. பயத்துல லேப்டாப்பைத் தூக்கி அந்தப் பக்கம் வச்சுட்டேன். நீ மறுபடி தேய்க்க உட்காருவேன்னு நினைக்கல. பொடி டப்பா திறக்கற சத்தம் கேட்டுச்சு பாரு, அதுக்கு மேல என்னால முடியல."

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். வெடிக்கப் போறார்னு நினைச்சேன். இவர் குனிஞ்சு கதவு இடுக்கைப் பார்த்தார், லேப்டாப்பைப் பார்த்தார், "எந்தப் பக்கமாடா காத்து விடுது இது?"ன்னு கேட்டார்.

"ஏங்க, அவனுக்கு வேலை போயிருக்கு!"

"காதுல விழுந்துச்சு. அதை அணைச்சுட்டு நீயும் வெளியே வாடா. ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

எல்லாத்தையும் மறுபடி நேர் பண்ண நேரமாச்சு. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் ஸ்டூலை நகர்த்தினாங்க. இவர் அவன் கழுத்துல இருந்த டையை அவிழ்த்து என் மிஷின் மேல போட்டார். போட்டோ விழுந்துச்சு. முழு நிலா. வாலும் இல்ல, அலையும் இல்ல. பல் டாக்டர் உடனே போன் பண்ணி, "அடேங்கப்பா! இனிமே அதைத் தொட்டீங்கன்னா உங்க கையை உடைப்பேன்! வாயை மூடுங்க... உங்களை இல்ல"ன்னு கத்தினார்.

"அப்ப என் இஸ்திரிப் பெட்டி?"ன்னு நான் இடுப்புல கையை வச்சுக்கிட்டுக் கேட்டேன். "என் மூச்சு?"

"உன் மூச்சு ரொம்ப நல்ல மூச்சு"ன்னார் இவர். அதோட விட்டாச்சு. இதுக்கு மேல மன்னிப்பு இவர்கிட்ட கிடைக்காது.

அந்த நேரம் பார்த்து வாசல்ல செருப்புச் சத்தம். சின்னவ. மருந்துக்கடையில மின்சாரம் போயிடுச்சாம், சீக்கிரம் வந்துட்டா. கொழுந்தன் பதறிப் பின்னால நகர்ந்து ஸ்டூல் பக்கத்துல போய் நின்னுட்டான். நடை கும்மிருட்டு, அவளுக்கு அவன் தெரியல. அவ கண்ணுல பட்டது போன் மட்டும்தான்.

"கண்ணாடி சரியாயிடுச்சா மாமா? எங்கே காட்டுங்க." குனிஞ்சு பார்த்தா. "ஐயோ, இன்னும் ஓரத்துல என்னமோ புகையுதே?"

நிலாவோட ஓரத்துல ஒரு மனுஷத் தோள். அதுலேருந்து சூடு கொத்துக் கொத்தா மேல ஏறிக்கிட்டு இருந்துச்சு. பயத்துல ஒருத்தன் எப்படிக் கொதிப்பான்னு நான் அன்னிக்குத்தான் கண்ணால பார்த்தேன்.

இவருக்குப் பொய் சொல்ல வராது. "அது உன் வீட்டுக்காரன்மா"ன்னுட்டார்.

"அவர் ஆபீஸ்லல்ல இருக்கார்?"

நான் ஜன்னல் போர்வையை இழுத்தேன். பனியனோட, ஷூவோட, கையில டப்பாவோட நின்னான். மறைக்கறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல. எல்லாத்தையும் அவன் வாயாலேயே சொன்னான், எலிப்பொறி வரைக்கும். சின்னவ கைப்பையைக் கீழே வச்சா. அப்புறம் நேரா ஸ்டோர் ரூமுக்குள்ள போனா. கவிழ்த்த பக்கெட்டைப் பார்த்தா. அண்ணாந்து கூரையைப் பார்த்தா. நான் வாசல்லயே நின்னுட்டேன். கத்தப் போறா, கத்தட்டும், நானும் கூடச் சேர்ந்து ரெண்டு கத்தலாம்னு நினைச்சேன்.

"இங்க ஃபேன்கூட இல்லையே"ன்னா.

அவ்வளவுதான். அப்படியே பக்கெட் மேல உட்கார்ந்து அழுதா. "ரெண்டு மாசமா இந்தச் சூட்டுலயா உட்கார்ந்திருந்தீங்க? எனக்குப் பயந்துகிட்டா? நான் என்ன, உங்களைக் கடிச்சா தின்னுடுவேன்?" கொழுந்தன் பக்கத்துல போய்த் தரையில உட்கார்ந்தான். முதுகுல ஓங்கி ஒரு அடி வச்சா. அப்புறம் அந்தக் கையாலேயே அவன் நெத்தி வேர்வையைத் துடைச்சா. நான் மூக்கை உறிஞ்சிக்கிட்டு இந்தப் பக்கம் வந்துட்டேன்.

இவர் பலகையில கிடந்த மணல் பொடியைப் பைய வழிச்சு டப்பாவுல போட்டு, மூடியை இறுக்கித் திருகினார். கண்ணாடியை என் யூனிஃபார்ம் துணியிலேயே சுத்தி பீரோவுல வச்சார். அந்தத் துணி இனிமே எனக்கு இல்லன்னு புரிஞ்சுச்சு, போகட்டும்னு விட்டுட்டேன்.

மறுநாள்லேருந்து கொழுந்தன் லேப்டாப்போட ஹால்ல, ஃபேனுக்கு அடியில, என் மிஷினுக்கு எதிர்ல உட்கார்ந்துக்கறான். டை இல்ல. பட்டன் ஓட்டைக்குக் காஜா அடிச்சுக் கொடுக்கறான், வெட்டினதை எண்ணி அடுக்கறான், நடுவுல வேலைக்கு எழுதிப் போடறான். முதல் நாள் சாயங்காலம் எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. கதை நேரம் வந்துடுச்சு, கதை இல்ல.

"தம்பி"ன்னேன். "அந்த மேனேஜர் விக்கு... அதுவும் பொய்யா?"

"பொய்தான் அண்ணி. பக்கெட் மேல உட்கார்ந்து யோசிச்சது. நீங்க சிரிப்பீங்களேன்னு."

நிஜமாச் சொல்றேன், அவன் வேலை போனதைவிட அந்த விக்கு போனதுதான் எனக்கு அந்த நிமிஷம் தாங்கல. ரெண்டு தையல் போட்டேன், நூல் அறுந்துச்சு, கோத்தேன். அப்புறம் எப்பவும் கேட்கற மாதிரியே கேட்டேன்.

"சரி, இன்னிக்கு ஆபீஸ்ல என்ன விசேஷம்?"

அவன் என்னைப் பார்த்தான், மிஷினைப் பார்த்தான், தொண்டையைச் செருமினான்.

"இன்னிக்கு மேனேஜர் பயங்கரக் கோவத்துல இருந்தாங்க அண்ணி. அவங்க மூச்சு விட்ட வேகத்துல பக்கத்து வீட்டுல இஸ்திரிப் பெட்டி அணைஞ்சு போச்சு."

பீரோ பக்கத்துலேருந்து இவர் சிரிச்ச சத்தம் கேட்டுச்சு. நான் நூல் சுத்தின ஒரு பாபினை எடுத்து அவன் மேல எறிஞ்சேன்.